ஒரு டேப்லெட், நாலு பிள்ளைகள், நாலு விதத் தேவை: நாலாம் வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது?

மலைச்சாரல் (கேள்வி)

வணக்கம். அரசுத் தொடக்கப் பள்ளி, நாலாம் வகுப்பு, 28 பிள்ளைகள். அதில் நாலு பேருக்குப் பாடத்தைக் கொண்டுசேர்க்க டேப்லெட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண்ணுக்குக் குறைப்பார்வை. முதல் வரிசையில் உட்கார்ந்தும் போர்டு தெரிவதில்லை, புத்தகத்தை மூக்கருகில் வைத்துத்தான் படிக்கிறாள். ஒரு பையன் இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறான். இன்னொரு பையனுக்கு மூளை முடக்குவாதம். பென்சில் பிடிக்க முடியாது, திரையைத் தொட்டால் உள்ளங்கையும் சேர்ந்து பட்டுவிடுகிறது. நாலாவது பிள்ளைக்கு ஆட்டிசம். நாம் சொல்வது புரிகிறது, வாயில் வருவது ஒன்றிரண்டு சொல்தான்.

இருப்பது 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று, என் போனின் ஹாட்ஸ்பாட். சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒருமுறை வருகிறார்.

கேட்க வேண்டியவை: திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் டாக்பேக்கைப் போட்டதும் வழக்கமான தொடுதல் வேலை செய்யவில்லை, அதை எப்படி அணைப்பது? பாடப்புத்தக பி.டி.எஃப்-ஐ வாசிக்கச் சொன்னால் ஏதேதோ எழுத்துகளைப் படிக்கிறது, ஏன்? மற்ற மூன்று பேருக்கும் எந்த அமைப்பிலிருந்து தொடங்கலாம்? வேடிக்கை காட்டும் செயலிகள் வேண்டாம்; அன்றைய பாடத்தில் இவர்களும் சேர்ந்திருக்க வேண்டும், அதற்குத்தான் வழி கேட்கிறேன்.

வெண்கோல்

டீச்சர், டாக்பேக்கை அணைக்க: ஒலியைக் கூட்டும் பட்டன், குறைக்கும் பட்டன் இரண்டையும் சேர்த்து 3 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மறுபடி அழுத்தினால் திரும்ப வரும். ஆனால் இந்தக் குறுக்குவழியை செட்டிங்ஸின் அக்சஸிபிலிட்டி (அணுகல் வசதிகள்) பகுதியில் முன்னமே டாக்பேக்குக்கு ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். அது இல்லாத நிலையில் மாட்டிக்கொண்டால் பதற வேண்டாம். டாக்பேக் ஓடும்போது ஒரு தட்டு என்பது 'இது என்ன, சொல்' என்று கேட்பது. திறப்பதற்கு இரட்டைத் தட்டு. பக்கத்தை நகர்த்த இரண்டு விரல். இந்த மூன்றும் தெரிந்தால் செட்டிங்ஸுக்குள் போய் அணைத்துவிடலாம்.

அதைவிட முக்கியம்: நீங்கள் சொல்லும் மாணவிக்கு டாக்பேக் தேவையே இல்லை. திரையைப் பார்க்கவே முடியாதவர்களுக்கானது அது. கொஞ்சம் பார்வை உள்ள பிள்ளையிடம் அதைக் கொடுத்தால் கண்ணுக்குத் தெரிவதைக்கூடத் தொட முடியாமல் சலித்துப்போவாள். குறைப்பார்வைக்கு திரையைப் பெரிதாக்கும் மேக்னிஃபிகேஷனும், தொட்ட வரியை மட்டும் வாசிக்கும் செலக்ட் டு ஸ்பீக்கும் போதும்.

ஃபான்ட் சைஸ் என்பது மெனு, மெசேஜ் போன்றவற்றின் எழுத்தைப் பெரிதாக்கும்; பி.டி.எஃப்-இலும் படத்திலும் எதையும் மாற்றாது. டிஸ்ப்ளே சைஸ் பட்டன்களையும் சேர்த்துப் பெரிதாக்கும். உச்சத்தில் வைத்தால் சில செயலிகளில் 'அடுத்து' பட்டன் திரைக்கு வெளியே போய்விடும், எனவே ஒரு படி குறைத்து வையுங்கள். மேக்னிஃபிகேஷன்தான் எதையும் பெரிதாக்கும். அதற்கு மூன்று தட்டுக் குறுக்குவழியை வைக்காதீர்கள். இன்னும் இரண்டு தட்டு வருமா என்று கருவி ஒவ்வொரு தட்டுக்கும் காத்திருப்பதால் எல்லாமே மந்தமாகத் தெரியும், டைப் செய்யும்போது தொல்லை அதிகம். திரை ஓரத்தில் நிற்கும் அக்சஸிபிலிட்டி பட்டனையே ஒதுக்குங்கள். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் திரையின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கும் கட்டமும் உண்டு. வரிப்படம், அட்டவணை படிக்க அதுதான் வசதி, சுற்றியிருப்பது கண்ணைவிட்டு மறையாது.

கறுப்பில் வெள்ளையா, வெள்ளையில் கறுப்பா என்பதை நாம் முடிவு செய்யக் கூடாது. ஒரே பத்தியை இரண்டு விதமாகவும் காட்டி, எதில் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள் என்று பாருங்கள். வெளிச்சம் கூசும் பிள்ளைக்குக் நிறங்களைத் தலைகீழாக்கும் கலர் இன்வர்ஷன் பெரிய நிம்மதி. எல்லாருக்கும் அப்படி இல்லை.

இனி பி.டி.எஃப். கோளாறு குரலில் இல்லை, கோப்பில் இருக்கிறது. அச்சுக்காகத் தயாரித்த பல தமிழ்க் கோப்புகள் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். கண்ணுக்கு 'அ' என்று தெரிந்தாலும் கோப்புக்குள் அது வேறொரு ஆங்கில எழுத்தின் எண்தான். குரல் அந்த எண்ணைத்தான் வாசிக்கும். சோதிக்கச் சுலபமான வழி: ஒரு வரியை காப்பி செய்து நோட்ஸ் செயலியில் ஒட்டுங்கள். தமிழாக வந்தால் சரி. 'jkpo;' போன்ற குப்பை வந்தால் பழைய எழுத்துரு. எதுவுமே காப்பி ஆகவில்லை என்றால் அது வெறும் படம்.

பழைய எழுத்துரு என்றால் கம்ப்யூட்டரில் என்.எச்.எம். கன்வர்ட்டர் போட்டு, பாமினி, டாப், டாம் என்று எந்த வகையோ அதைத் தேர்ந்து யூனிகோடாக மாற்றலாம். எந்த வகை என்று தெரியாவிட்டாலோ, படமாக இருந்தாலோ கூகுள் டிரைவ்தான் வழி. ஒரு பாடத்தை மட்டும் தனிக் கோப்பாகப் பிரியுங்கள். முழுப் புத்தகத்தைக் கொடுத்தால் பாதியில் நிற்கும். கோப்பு 2 எம்.பி.க்குள், பக்கம் நிமிர்ந்த நிலையில் இருக்கட்டும். கம்ப்யூட்டர் பிரவுசரில் டிரைவில் ஏற்றி, கோப்பின் மேல் வலது சொடுக்கு, 'ஓப்பன் வித்', 'கூகுள் டாக்ஸ்'. மேலே படம், கீழே எழுத்து என்று வரும். டேப்லெட்டிலுள்ள டிரைவ் செயலியில் இந்த வழி கிடைக்காது, அங்கே தேடி நேரத்தை விரயம் செய்யாதீர்கள்.

வந்ததை அப்படியே பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது. துணைக்கால் 'ா', 'ர' ஆக வந்திருக்கும். 'பாடம்' என்பது 'பரடம்' ஆகியிருக்கும். புள்ளி விழுந்துபோயிருக்கும். பக்கவாட்டில் இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம் என்றால் வரிகள் குறுக்கே கலந்திருக்கும். செலக்ட் டு ஸ்பீக்கில் ஒருமுறை ஓடவிட்டு, காதால் கேட்டே திருத்துவது வேகமானது. கண் தவறவிடுவதைக் காது பிடித்துவிடும். பின்னங்களைக் குரல் சரியாக வாசிக்கும் என்று நம்ப வேண்டாம், 'நான்கில் மூன்று' என்று எழுத்திலேயே அடித்துவிடுங்கள். படம் இருந்த இடத்தில் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். 'படத்தைப் பார்த்து விடை கூறுக' என்ற கேள்விக்கு அந்த ஒரு வரிதான் அவளுடைய படம்.

தமிழ்க் குரலுக்கு: அக்சஸிபிலிட்டி, டெக்ஸ்ட் டு ஸ்பீச், பற்சக்கரக் குறி, இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா, தமிழ். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் தேவையில்லை. இயல்பு மொழி ஆங்கிலமாகவே இருந்தால் தமிழ் வரிகளில் குரல் வாயைத் திறக்காது. 'செயலி கெட்டுவிட்டது' என்று பலரும் நினைப்பது இதைத்தான்.

போர்டுக்கு ஒரு சொல். எழுதி முடித்ததும் நேர் எதிரே நின்று நீங்களே படம் எடுத்துக் கொடுங்கள். அவள் இருக்கையிலிருந்து எடுத்தால் ஜன்னல் வெளிச்சம் போர்டில் பளிச்சென்று அடித்துப் பாதி எழுத்தை அழித்துவிடும்.

ஒலிவழி

காது கேளாத மாணவனுக்கு லைவ் டிரான்ஸ்கிரைப் போட்டுப் பாருங்கள். 2019-இல் வந்தது, தமிழ் உண்டு, இலவசம். நாம் பேசுவது திரையில் எழுத்தாக ஓடும்.

பெரும்பாலும் சொதப்புவது மைக் இருக்கும் தூரத்தால். டேப்லெட் பையன் மேசையில், நீங்கள் போர்டருகே என்றால், அது முதலில் கேட்பது மின்விசிறியையும் பக்கத்துப் பெஞ்சையும்தான். டேப்லெட்டோடு இணைந்த ப்ளூடூத் காலர் மைக்கை உங்கள் சேலையில் அல்லது துப்பட்டாவில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மாட்டுங்கள். முடிந்தால் அவன் தலைக்கு மேலிருக்கும் விசிறியை நிறுத்துங்கள். காதொலிக் கருவிக்கும் அது நல்லது. பாடத்தில் வரும் பெயர்கள், கலைச்சொற்களை முன்கூட்டியே செயலியின் கஸ்டம் வேர்ட்ஸில் சேர்க்கலாம். ஹிஸ்டரியை இயக்கினால் 3 நாள் வரை எழுத்து நிற்கும். மற்ற பிள்ளைகள் பேசுவதும் அதில் பதியும் என்பதால், பாடம் முடிந்ததும் தேவையானதை காப்பி செய்துகொண்டு மீதியை அழித்துவிடுவது முறை.

சைகைவாசல்

ஒலிவழி சார் சொன்ன மைக் விவரம் சரி. ஆனால் நாலாம் வகுப்புப் பையனுக்கு அதை முதல் கருவியாகக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓடும் எழுத்தைப் படிக்க, பேசும் வேகத்தில் படிக்கத் தெரிய வேண்டும். பிறவியிலிருந்தே சரியாகக் கேட்காத பல பிள்ளைகள் தமிழை வீட்டில் காதால் வாங்கியிருக்க மாட்டார்கள். எழுத்தைக் கூட்டத் தெரியும், வாக்கியம் விளங்காது. அவனுக்கு முன்னால் மணிக்கணக்கில் எழுத்து ஓடினால் அதைப் பார்த்துக்கொண்டே உங்கள் முகத்தையும் உதட்டையும் விட்டுவிடுவான். டீச்சர், முதலில் இதைச் சோதியுங்கள்: அவன் அறியாத ஐந்து வரிப் பத்தியைப் படிக்கக் கொடுத்து, நடந்ததை வரைந்தோ நடித்தோ காட்டச் சொல்லுங்கள். தடையில்லாமல் செய்தால் லைவ் டிரான்ஸ்கிரைப் உதவும். தடுமாறினால் அது இரண்டு வருடம் கழித்து.

அதுவரை டேப்லெட்டை இப்படிப் பயன்படுத்தலாம். பாடத்துக்கு முந்தைய நாள் அதில் வரும் ஆறேழு முக்கியச் சொற்களுக்குப் படம், எழுத்து, சைகை மூன்றையும் சேர்த்து ஒரு சிறு ஸ்லைடு. இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்களுக்கு வீடியோ இருக்கிறது. பள்ளிப் பாடங்களைச் சைகை மொழிக்குக் கொண்டுவர என்.சி.இ.ஆர்.டி.யோடு 2020-இல் ஒப்பந்தமும் போட்டார்கள். அரசின் திக்ஷா பாடத் தளத்தில் தேடிப் பாருங்கள். வகுப்பில் அவன் சொல் தெரியாமல் உட்காருவதற்கும், சொல் தெரிந்து உட்காருவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே வாரத்தில் பார்ப்பீர்கள்.

வீடியோ போடும்போது ஒன்று மட்டும்: அது ஓடிக்கொண்டிருக்கையில் மேலே விளக்கம் பேசாதீர்கள். அவனுக்கு இருப்பது ஒரு ஜோடிக் கண். நிறுத்தி, அவன் பக்கம் திரும்பி, சொல்லிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள். போர்டில் எழுதிக்கொண்டே பேசுவதும் அவனுக்கு மௌனம்தான்.

இயன்முறை நிலா

மூளை முடக்குவாதப் பையனுக்கு டேப்லெட்டைத் திறப்பதற்கு முன் நாற்காலியைப் பாருங்கள். பாதம் இரண்டும் தரையிலோ பலகையிலோ பதிந்து, இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக, மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். கால் தொங்கினால் உடலைத் தாங்கிக்கொள்ளவே பலம் போய்விடும், கை இன்னும் இறுகும். டேப்லெட் சுமார் 20 முதல் 30 டிகிரி சாய்வில், நன்றாக இயங்கும் கைப்பக்கம் சற்றுத் தள்ளி. அடியில் சறுக்காத ரப்பர் விரிப்பு.

உள்ளங்கை படுவதற்குச் செலவில்லாத வழி: தடித்த பருத்திக் காலுறை ஒன்றை எடுத்து, சுட்டுவிரல் மட்டும் வெளியே வர ஓட்டை போட்டுக் கையில் மாட்டுங்கள். துணி இரண்டு மடிப்பாக இருக்கட்டும். திரை தோலின் மின்கடத்தலை வைத்துத்தான் தொடுதலை உணர்கிறது, தடித்த உலர்ந்த துணி அதை மறைத்துவிடும். வியர்வையில் நனைந்தால் பலிக்காது, மாற்று ஒன்று வைத்திருங்கள். விரலை நீட்டவே முடியாவிட்டால், தடித்த பென்சிலில் அலுமினியத் தாளைச் சுற்றி, நுனியில் லேசாக நனைத்த சிறு ஸ்பாஞ்ச் துண்டைச் சேர்த்துக் கட்டினால் தொடுகோல் ஆகிவிடும். தாள் நுனி ஸ்பாஞ்சையும், கை தாளையும் தொட்டிருக்க வேண்டும். இடையில் டேப் ஒட்டினால் வேலை செய்யாது.

அமைப்பில் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று. டச் அண்ட் ஹோல்டு டிலே என்பது 'நீண்ட அழுத்தம்' எவ்வளவு நேரம் என்பதற்கு மட்டும். கை தவறிப் படும் தொடுதல்களை அது தள்ளாது. சாம்சங் டேப்லெட் என்றால் இன்டராக்‌ஷன் அண்ட் டெக்ஸ்டெரிட்டிக்குள் டேப் டியூரேஷன், இக்னோர் ரிப்பீட்டட் டச்சஸ் என்று இரண்டு இருக்கும். குறிப்பிட்ட நேரம் விரல் நின்றால்தான் தொட்டதாக எடுப்பது முதலாவது; நடுக்கத்தில் விழும் இரண்டாவது மூன்றாவது தொடுதலை விடுவது அடுத்தது. சிறிய அளவில் தொடங்கிக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் சரியாகத் தொட்டதும் பதியாது, பையன் இன்னும் பலமாக அழுத்துவான், இறுக்கம் ஏறும்.

இவ்வளவும் பலிக்கவில்லை என்றால், ஒரே பட்டனால் டேப்லெட்டை இயக்கும் ஸ்விட்ச் அக்சஸ். கருவியில் இல்லாவிட்டால் பிளே ஸ்டோரில் தனிச் செயலியாக இருக்கும். விலை உயர்ந்த ஸ்விட்ச் வாங்குமுன், பழைய யு.எஸ்.பி. கீபோர்டு ஒன்றை டேப்லெட்டோடு இணைக்கும் ஓ.டி.ஜி. கேபிளில் செருகுங்கள். ஸ்பேஸ் பட்டனை 'தேர்ந்தெடு' என்று ஒதுக்கி, ஆட்டோ ஸ்கேன் போடுங்கள். திரையில் ஒரு கட்டம் தானாக நகர்ந்துகொண்டே போகும். வேண்டிய இடத்தில் வந்ததும் அவன் ஸ்பேஸைத் தட்டினால் போதும், கையை முட்டியாக வைத்தேகூட. மற்ற பட்டன்களை அட்டையால் மூடுங்கள். நகரும் வேகம் 3 விநாடியில் தொடங்கட்டும். கட்டம் கடந்த பிறகே தட்டுகிறான் என்றால் நேரத்தைக் கூட்டுங்கள். அவனுக்கு விடை தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வள மையத்திலிருந்து

ஆட்டிசப் பிள்ளைக்கு டேப்லெட் ஒரு குரலாக இருக்க முடியும். படத்தைத் தொட்டால் பேசும் செயலிகளில் சென்னையில் உருவான ஆவாஸ் தமிழிலும் உண்டு, ஆனால் கட்டணம் கட்ட வேண்டும். ஐ.ஐ.டி. பாம்பேயின் ஜெல்லோ இலவசம். செயலியே வேண்டாம், முதலில் அட்டையில் தொடங்கலாம் என்றால் ஸ்பெயின் நாட்டு அராசாக் படத்தொகுப்பு வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம்.

பழம், விலங்கு, நிறம் என்று பெயர்ச்சொற்களை அடுக்குவதுதான் பலரும் செய்வது. அவற்றைக் கொண்டு ஒரு பிள்ளை எதையும் கேட்க முடியாது. முதல் பக்கத்தில் 'எனக்கு வேணும்', 'வேண்டாம்', 'இன்னும்', 'போதும்', 'உதவி', 'வா', 'பாரு', 'முடிஞ்சது', 'வலிக்குது' இருக்கட்டும். 'நான்' தனிக்கட்டம், 'வேணும்' தனிக்கட்டம் என்று வைத்தால் கருவி 'நான் வேணும்' என்று பேசும். எனவே 'எனக்கு வேணும்' ஒரே கட்டமாக. எழுத்துத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிறபடியே பதியுங்கள். செயலி அனுமதித்தால் அதே வயதுப் பிள்ளை ஒருவரின் குரலில் பதிந்தால் இன்னும் நல்லது.

கட்டங்களின் இடத்தை மாற்றவே மாற்றாதீர்கள். பிள்ளையின் கை இடத்தை வைத்துத்தான் நினைவில் கொள்ளும். நீங்கள் பேசும்போது நீங்களும் தொட்டுக் காட்டுங்கள்: 'இன்னும்' என்று சொல்லிக்கொண்டே 'இன்னும்' கட்டத்தைத் தொடுவது. பதிலுக்கு 10 விநாடியாவது காத்திருங்கள். கையைப் பிடித்து அழுத்த வைக்க வேண்டாம். குறும்பு செய்தால் டேப்லெட்டைப் பிடுங்கி வைப்பது மிகப் பெரிய தவறு. பேசுகிற பிள்ளையின் வாயை நாம் கட்டுவதில்லை.

நோட்டிஃபிகேஷன் ஒலியை டூ நாட் டிஸ்டர்பில் நிறுத்துங்கள். ரிமூவ் அனிமேஷன்ஸை இயக்குங்கள். திரையை ஒரே செயலியில் நிறுத்தும் ஆப் பின்னிங் போட்டு, வெளியேற பின் எண் (PIN) கேட்கும்படி வையுங்கள். யூடியூபுக்குப் போகும் கதவு அடைந்தால்தான் இது பேசும் கருவி என்பது பிள்ளைக்குப் பதியும்.

இன்னொன்று. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகங்களும் உரிய துணைக்கருவிகளும் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது. காலர் மைக், ஸ்விட்ச் போன்றவற்றை உங்கள் கைக்காசில் வாங்குமுன், சிறப்புப் பயிற்றுநர் மூலம் வட்டார வள மையத்துக்கு எழுத்தில் கேளுங்கள். பிள்ளையின் பெயர், எந்தப் பாடச் செயலுக்கு எந்தக் கருவி, அது இல்லாமல் என்ன தடைபடுகிறது என்று மூன்று வரி போதும். பொதுவாக 'டேப்லெட் உபகரணங்கள்' என்று எழுதினால் நகராது.

மலைச்சாரல்

எல்லாருக்கும் மிக்க நன்றி. கீபோர்டு யோசனை நாளைக்கே செய்யக்கூடியது. ஒரு சந்தேகம்: ஒரே டேப்லெட்டில் நாலு பேருக்கும் வெவ்வேறு அமைப்பு. ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டிருக்க 40 நிமிடப் பீரியடில் நேரமில்லை.

வெண்கோல்

செட்டிங்ஸில் சிஸ்டத்துக்குள் மல்டிபிள் யூசர்ஸ் இருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் அக்கவுன்ட்ஸுக்குள் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு யூசர் என்றால் பெரிதாக்கல், நிறம், குரல் எல்லாம் தனித்தனியாக நிற்கும், மேல்பட்டியை இழுத்து மாற்றினால் போதும். இரண்டு விஷயம் கவனம். செயலிகளை ஒவ்வொரு யூசரிலும் தனியாக நிறுவ வேண்டும். உங்கள் யூசரில் எடுத்த போர்டு படம் அவள் யூசரில் தெரியாது. அவள் யூசரிலேயே கேமராவைத் திறந்து எடுங்கள். நினைவகம் (ரேம்) 3 ஜி.பி. அளவிலான கருவி என்றால் இரண்டு யூசருக்கு மேல் தள்ளாடும். நிர்வாகப் பூட்டு உள்ள கருவியில் இந்த வசதி மறைந்திருக்கலாம். அப்போது அக்சஸிபிலிட்டி பட்டனுக்கே இரண்டு மூன்று வசதிகளை ஒதுக்கிவிடுங்கள். பட்டனைத் தட்டினால் பட்டியல் வரும், தேர்ந்துகொள்ளலாம்.

வள மையத்திலிருந்து

நாலு பேருக்கும் ஒரே பீரியடில் டேப்லெட் தேவைப்படாது என்பதையும் பாருங்கள். பேசும் கருவியாகப் பயன்படுத்தும் பிள்ளையிடமிருந்து மட்டும் எடுத்து மற்றவருக்குத் தர முடியாது. அந்தப் பிள்ளைக்குத் தனிக் கருவிக்கு முதலில் எழுதுங்கள், அதுவரை அதே கட்டங்களை அதே இடத்தில் வைத்து அச்சிட்டு லேமினேட் செய்த அட்டை கையில் இருக்கட்டும். காது கேளாத மாணவனுக்குச் சொல் ஸ்லைடு முந்தைய நாள் மாலை போதும். போர்டு வேலையின்போது டேப்லெட் குறைப்பார்வை மாணவிக்கு, பயிற்சி எழுதும் நேரத்தில் ஸ்விட்ச் வைத்திருக்கும் பையனுக்கு. அவன் பக்கத்தில் இன்னும் மூன்று பிள்ளைகளை உட்காரவைத்து, குழுவின் விடையை அவனே தேர்ந்தெடுக்கட்டும். மற்ற மூவரும் காரணம் சொல்ல வேண்டும்.